கையில் 170, காலில் 110: பெரியவர்களிடம் தாமதமாகத் தெரியவரும் பெருந்தமனிச் சுருக்கம்

முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு பி.பி. 170/95. ஒரு மாத்திரை இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது, அளவு மட்டும் இறங்க மறுக்கிறது. சிறுநீரகம், தைராய்டு, அட்ரினல் என்று எல்லாவற்றையும் சோதித்தாயிற்று, எல்லாம் நார்மல். யாரும் பார்க்காமல் விட்டது காலில் பி.பி. எவ்வளவு என்பதைத்தான். நல்ல உடம்பில், பி.பி.யின் மேல் எண் (170/95 என்பதில் 170) காலில் பார்த்தால் கையில் உள்ளதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். கையில் 170 காட்டுகிறவருக்குக் காலில் 110 என்று வந்தால், கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது நெஞ்சுக்குள், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி பிறவியிலேயே குறுகிப்போன ஓர் இடம். மருத்துவர்கள் இதைக் கோஆர்க்டேஷன் என்கிறார்கள்.

பெருந்தமனி இதயத்திலிருந்து மேலே ஏறி, வில்லாக வளைந்து, தலைக்கும் இரண்டு கைகளுக்கும் கிளைகளைக் கொடுத்துவிட்டு முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இடது கைக்கான கிளை பிரிந்த உடனே வரும் இடம்தான் சுருக்கத்தின் வழக்கமான முகவரி. கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாய் அந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. பிறந்த சில நாட்களில் அது தானாகச் சுருங்கி மூடிவிடும். அந்தக் குழாயின் திசு பெருந்தமனியின் சுவருக்குள்ளும் பரவியிருந்தால், மூடும்போது சுவரையும் சேர்த்து இழுத்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கருவிலேயே அந்தப் பகுதி வழியாக ரத்தம் குறைவாக ஓடியதால் அது சரியாக வளரவில்லை என்பது இன்னொன்று. எதுவானாலும், 10,000 குழந்தைகளில் மூன்று நான்கு பேருக்கு இது இருக்கிறது. ஆண்களிடம் அதிகம். டர்னர் குறைபாடு என்ற பிறவிக் குரோமோசோம் கோளாறு உள்ள பெண்களிடமும் அடிக்கடி காணப்படுகிறது.

சுருக்கம் கடுமையாக இருந்தால், பிறந்த சில நாள், சில வாரங்களிலேயே குழந்தை மோசமாகிவிடும். அப்போது காத்திருக்க நேரமே இருக்காது. அவ்வளவு கடுமை இல்லாதவர்கள்தான் எதுவும் தெரியாமல் வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்கள். அவர்களைக் காப்பாற்றி வைத்திருப்பது உடம்பு தானே போட்டுக்கொள்ளும் மாற்றுப் பாதை. ஆறு அடைபட்டால் தண்ணீர் பக்கத்து வாய்க்கால்களில் புகுந்து கீழே மறுபடி ஆற்றில் கலப்பதுபோல, தோள்பட்டையைச் சுற்றியும் மார்பெலும்பின் பின்னாலும் ஓடும் சின்னத் தமனிகள் பெருத்து, விலா எலும்புகளை ஒட்டிய தமனிகள் வழியாகப் பின்னோக்கி ஓடி, சுருக்கத்துக்குக் கீழே ரத்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. பல வருடம் இப்படி முறுக்கேறித் துடிக்கும் தமனிகள் விலா எலும்பின் கீழ் விளிம்பை அரித்து எடுத்துவிடும். சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் அந்த அரிப்புகள் தெரியும். வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் இதைக் கவனித்து நோயைக் கண்டுபிடித்த ரேடியாலஜிஸ்டுகள் உண்டு. கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு.

மாற்றுப் பாதை உயிரைக் காப்பாற்றுகிறதே தவிர, பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. சிறுநீரகங்கள் சுருக்கத்துக்குக் கீழே இருக்கின்றன. தங்களுக்கு வரும் ரத்தத்தின் அழுத்தம் போதவில்லை என்று நினைத்து அவை ரெனின் என்ற பொருளைச் சுரக்கின்றன. உடம்பு முழுக்க அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே அழுத்தம் கூடிக் கிடக்கும் தலையும் இதயமும்தான் அதன் சுமையைத் தாங்க வேண்டும். தலைவலி, மூக்கில் ரத்தம், நடந்தால் கால் அசதி, பாதம் சில்லென்று இருப்பது, இவ்வளவுதான் வெளியே தெரியும் அறிகுறிகள். பலருக்கு இவைகூட இருப்பதில்லை.

சிகிச்சையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய பதிவுகளே சாட்சி. பிரிட்டனின் இதய மருத்துவர் மாரிஸ் கேம்ப்பெல் 1970இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களின் சராசரி இறப்பு வயது 34. நான்கில் மூன்று பேர் 46 வயதுக்குள் இறந்திருந்தார்கள். இதயச் செயலிழப்பு, பெருந்தமனி வெடிப்பு, இதயத்தின் உட்சுவரில் தொற்று, மூளையில் ரத்தக்கசிவு ஆகியவையே காரணங்கள். இன்றைய பி.பி. மாத்திரைகள் இல்லாத காலத்துக் கணக்கு இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ‘இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே, இனி என்ன’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கண்டுபிடிக்கும் வழியில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு கையின் விரல்கள் மணிக்கட்டு நாடியிலும் மற்றொரு கையின் விரல்கள் தொடை இடுக்கிலும் இருக்க, இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமானவரிடம் இரண்டு துடிப்பும் ஏறக்குறைய சேர்ந்தே வரும். சுருக்கம் இருந்தால் தொடையில் துடிப்பு மெலிந்து, ஒரு கணம் பிந்தி வரும். அரை நிமிடம்கூட ஆகாது. இளம் வயதில் பி.பி. என்று வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் செய்துவிட்டு, காலிலும் ஒருமுறை பட்டை கட்டிப் பார்த்துவிட்டால், பல வருடத் தாமதம் தவிரும். விலையுயர்ந்த ஹார்மோன் பரிசோதனைகளுக்கு எழுதித் தருமுன் இந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காததை அலட்சியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சந்தேகம் வந்தபின் படங்கள். ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ நல்ல தொடக்கம்தான், ஆனால் வளர்ந்த உடம்பில் அந்த இடம் எக்கோவுக்குச் சரியாகச் சிக்காது. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யில் பெருந்தமனி முழுவதையும் படமெடுத்து, சுருங்கிய இடத்தின் விட்டம், வளைவின் விட்டம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் அருகே உள்ள விட்டம் என்று அளந்து வைத்துக்கொள்கிறார்கள். அப்போது சுருக்கத்தோடு சேர்ந்து வரும் மற்ற கோளாறுகளையும் தேட வேண்டும். இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதயத்தின் வாசலில் உள்ள பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டே இருக்கும். வால்வுக்கு மேலே ஏறும் பகுதி வீங்கியிருக்கலாம். பத்தில் ஒருவர் அளவுக்கு மூளைத் தமனிகளில் பலூன்போன்ற வீக்கமும் இருக்கக்கூடும். ஆக, சுருக்கம் என்பது ஓரிடத்துக் கோளாறு அல்ல. பெருந்தமனியின் சுவர் முழுவதுமே கொஞ்சம் பலவீனமாக உருவானதன் ஓர் அடையாளம் அது. பெரியவர்களுக்கான வைத்தியத்தில் வரும் எல்லாச் சிக்கல்களும் இந்த ஒரு உண்மையிலிருந்துதான் தொடங்குகின்றன.

சரி, எப்போது கை வைப்பது? ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் ஓரளவு தெளிவாகவே சொல்கிறது. பி.பி. இருக்கிறது, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் இருக்கிறது, கதீட்டர் என்ற மெல்லிய குழாயைத் தமனிக்குள் செருகி நேரடியாக அளந்தாலும் சுருக்கத்துக்கு மேலேயும் கீழேயும் 20 மி.மீ. பாதரச அளவு அல்லது அதற்கு மேல் வித்தியாசம் வருகிறது என்றால் சரிசெய்தே ஆக வேண்டும். உடல் அமைப்பு இடம் கொடுத்தால், தமனியை உள்ளிருந்து விரித்துத் தாங்கும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட்டுக்கு முன்னுரிமை. பி.பி. நார்மலாக இருந்தாலும் அந்த 20 தாண்டினால் சரிசெய்வதைப் பரிசீலிக்கலாம்.

இந்த 20 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்வதில்தான் தப்பு நடக்கிறது. மாற்றுப் பாதைகள் நன்றாகப் பெருத்தவரிடம், தமனி நூலளவுக்குக் குறுகியிருந்தாலும் வித்தியாசம் 12, 15 என்று சாதுவாகக் காட்டும். ரத்தம் சுற்றுவழியில் போய்ச் சேர்ந்துவிடுவதுதான் காரணம். மயக்கத்தில் படுத்திருக்கும்போது இதயம் மெதுவாக வேலை செய்வதாலும் எண் குறைந்து தெரியலாம். அதனால்தான் அதே வழிகாட்டுதல், பி.பி. உள்ளவருக்குச் சுருங்கிய இடம் உதரவிதானம் அருகே உள்ள விட்டத்தில் பாதிக்கும் கீழே இருந்தால், 20 வராவிட்டாலும் சிகிச்சையை யோசிக்கச் சொல்கிறது. படம் ஒன்று சொல்லி எண் வேறொன்று சொன்னால், நான் படத்தின் பக்கம் நிற்பேன்.

சுருக்கத்தைத் தொடாமல் மாத்திரையிலேயே ஓட்டிவிட முடியாதா? முடியாது என்பதற்கு இயற்பியலே காரணம். கையில் அளவு 130க்கு வரும்வரை மருந்தை ஏற்றினால், சுருக்கத்துக்குக் கீழே சிறுநீரகங்களுக்குப் போகும் அழுத்தம் அபாயமாக இறங்கிவிடலாம். குறிப்பாக, ரெனினின் வழியை அடைக்கும் மருந்துகளைத் திறக்கப்படாத சுருக்கத்தில் மிகக் கவனமாகவே கொடுக்கிறார்கள். சுருக்கத்தைத் திறக்கும்வரை, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகையே பலருக்கும் முதல் துணை.

அறுவை சிகிச்சையின் கதை 1944 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் தொடங்குகிறது. அறுவை மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபூர்ட் முதலில் 12 வயதுச் சிறுவனுக்கு, சுருங்கிய துண்டை வெட்டி எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். அதே மாதத்தில் அவர் செய்த இரண்டாவது அறுவை சிகிச்சை 27 வயது விவசாயி ஒருவருக்கு. பெரியவர்களுக்கான வைத்தியமும் இதன் தொடக்கத்திலேயே உண்டு என்று காட்டுவதால் எனக்கு அந்த இரண்டாவது ஆள்தான் முக்கியம். அடுத்த ஆண்டே பாஸ்டனில் அறுவை மருத்துவர் ராபர்ட் கிராஸ், இதே சிகிச்சை செய்த தன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்.

வெட்டித் தைப்பது குழந்தைக்கு எளிது, பெரியவருக்கு அப்படி இல்லை. வயதான பெருந்தமனி இழுத்த இழுப்புக்கு வராது. முனைகள் சேராவிட்டால் நடுவில் டாக்ரான் துணிக் குழாயை வைத்துத் தைக்க வேண்டும். உள்ளே போவதற்கே இடது விலாப்பக்கத்தைத் திறக்கும்போது, பெருத்துக் கிடக்கும் அந்த மாற்றுத் தமனிகள் கத்தி பட்ட இடத்திலெல்லாம் பீறிடும். குரலுக்கான நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. சேதமானால் குரல் கம்மிவிடும். எல்லாவற்றையும்விட அஞ்சுவது தண்டுவடத்தைத்தான். தைக்கும் நேரத்தில் பெருந்தமனியை இடுக்கிப் பிடித்து அடைக்கும்போது கீழே ரத்தம் போகாமல் கால்கள் செயலிழக்கும் அபாயம் உண்டு. 1972இல் 12,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்ததில் இது 250 பேரில் ஒருவர் என்ற அளவில் நடந்திருந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், வழியெல்லாம் ரத்தம் கொட்டவைக்கும் அதே மாற்றுப் பாதைகள்தான் அந்தச் சில நிமிடங்கள் தண்டுவடத்துக்கு ரத்தம் கொடுத்துக் காப்பாற்றுகின்றன. அவை சரியாக வளராத, சுமாரான சுருக்கம் உள்ளவரிடம் அறுவை மருத்துவர் கூடுதல் எச்சரிக்கையாக இருப்பார்.

நேரடியாகத் தொடாமல் சுற்றிப் போகும் வழியும் இருக்கிறது. வால்வும் மாற்ற வேண்டும், பெருந்தமனியின் ஏறும் பகுதியும் வீங்கியிருக்கிறது என்றால், மார்பெலும்பைப் பிளந்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துக்கொண்டு, ஏறும் பகுதியிலிருந்து இறங்கும் பகுதிக்கு ஒரு செயற்கைக் குழாயைப் பாலமாகப் போட்டுவிடுவார்கள். சுருக்கம் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்று பெரும்பாலான பெரியவர்களுக்கு இவை எதுவும் தேவைப்படுவதில்லை. 1982இல், தமனி வழியாக உள்ளே அனுப்பிச் சுருக்கத்தை விரிக்கும் பலூன் வந்தது. பலூன் மட்டும் வைத்து விரித்தால் தமனியின் உட்சுவர் கிழிந்துதான் வழி திறக்கும். கிழிந்த இடம் பிற்பாடு வீங்கலாம், அல்லது சுவர் மறுபடி சுருங்கலாம். 1990களின் தொடக்கத்தில் ஸ்டென்ட் சேர்ந்தபின் இரண்டு தொல்லையும் குறைந்தது. விரித்த சுவரை உலோக வலை தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. இந்தச் சுருக்கத்துக்கென்றே செய்யப்பட்ட பிளாட்டினம் ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் அனுமதி கொடுத்தது. மற்ற பல நாடுகளில் அது அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

இப்படிக் குழாய் செருகிச் சிகிச்சை செய்யும் கேத் லேப் என்ற அறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பெருந்தமனியை விரிப்பது கடுமையாக வலிக்கும் என்பதால் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துவிடுவார்கள். தொடைத் தமனியில் துளையிட்டு ஒரு கம்பியை மேலே அனுப்புகிறார்கள். சுருக்கம் ஊசித் துளை போலிருந்து கீழிருந்து கம்பி நுழையாவிட்டால், வலது கை வழியாக மேலிருந்து இன்னொரு கம்பி. முதலில் அழுத்தங்களை அளந்து, சாயம் செலுத்திப் படமெடுத்து, எந்த அளவு பலூன் என்று முடிவு செய்கிறார்கள். அதன் உச்சவரம்பு பொதுவாக உதரவிதானம் அருகே உள்ள விட்டம். பலூனின் மேல் ஸ்டென்ட்டை விரலால் அழுத்தி இறுக்கிப் பொருத்தி உள்ளே ஏற்றுகிறார்கள். இனி வருவதுதான் அறையில் எல்லோரும் மூச்சைப் பிடிக்கும் இடம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் பீய்ச்சும் ரத்தம், விரியும் பலூனைக் கீழே தள்ளிவிடும். அதைத் தடுக்க, இதயத்தின் வலது கீழறையில் முன்பே வைத்த மின்கம்பியால் நிமிடத்துக்கு 180, 200 என்று துடிக்கவைக்கிறார்கள். அத்தனை வேகத்தில் இதயம் நிரம்ப நேரமில்லை. திரையில் பி.பி. சரிந்து விழுகிறது. அந்தச் சில விநாடிகளில் பலூன் விரிகிறது, ஸ்டென்ட் சுவரில் பதிகிறது, பலூன் வடிகிறது, மின்துடிப்பை நிறுத்துகிறார்கள். அழுத்தக் கோடு மறுபடி எழும்பும்போது மேலேயும் கீழேயும் வித்தியாசம் 10க்குள் வந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

மிகவும் குறுகலான தமனியை ஒரே மூச்சில் முழு அளவுக்கு விரிக்க ஆசைப்படக் கூடாது. 3 மி.மீ. இடத்தை 18 ஆக்கினால் சுவர் கிழிந்துவிடலாம். பாதி விரித்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி வந்து மீதியை விரிப்பதே புத்திசாலித்தனம். வயதானவர், சுவர் சுண்ணாம்பேறியவர், வழி ஏறக்குறைய அடைபட்டே போனவர் என்றால், துணி உறை போட்ட ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உள்ளே கிழிந்தாலும் உறை ரத்தத்தை வெளியே விடாது. சாதா ஸ்டென்ட் போடும் அன்றைக்கும், உறை போட்டது ஒன்று கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும். பெருந்தமனி கிழிவது அபூர்வம்தான். கிழிந்துவிட்டால் பொருளைத் தேட நேரம் இருக்காது. ஸ்டென்ட் இடம் நகர்வது, தொடைத் தமனியில் காயம், பக்கவாதம் ஆகியவையும் நடக்கக்கூடியவை.

வழி திறந்த மறுநாள் பி.பி. இறங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறலாம். சில நாட்களுக்கு அது இன்னும் ஏறுவதுண்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னும் அதிகமாக. குறைந்த அழுத்தத்துக்கே பழகிய குடல் தமனிகள் திடீரென்று முழு அழுத்தத்தைச் சந்திப்பதால் சிலருக்கு வயிற்றுவலியும் வரும். அதனால்தான் முதல் சில நாட்கள் மருந்தால் பி.பி.யை இறுக்கிப் பிடித்து வைக்கிறார்கள்.

அப்புறம் என்ன? ‘அடைப்பை எடுத்தாச்சு, இனி மாத்திரை வேண்டாம்தானே?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். சிலருக்கு நிறுத்த முடியும், பலருக்குக் குறைக்க முடியும், கணிசமானவர்களுக்குத் தொடர வேண்டியிருக்கும். எத்தனை வயது வரை சுருக்கத்தோடு வாழ்ந்தார் என்பதைப் பொறுத்தது அது. பல வருடம் அதிக அழுத்தத்தில் அடிபட்ட மேற்பகுதித் தமனிகள் விறைத்துப்போயிருக்கும். கழுத்தில் உள்ள அழுத்த உணரிகள் கூடிய அளவையே நார்மல் என்று எடுத்துக்கொண்டிருக்கும். ஸ்டென்ட் இவற்றை மாற்றுவதில்லை. உட்கார்ந்திருக்கும்போது 128 காட்டுகிறவர் மாடிப்படி ஏறினால் 220க்குப் போகலாம். ஆகவே 24 மணி நேர பி.பி. பதிவும், ட்ரெட்மில் பரிசோதனையும் இவர்களுக்குத் தனி மதிப்புள்ளவை.

பி.பி.யை எப்போதும் வலது கையில்தான் பார்க்க வேண்டும். இடது கைக்கான கிளை சுருக்கத்தை ஒட்டியே பிரிகிறது. சில பழைய அறுவை முறைகளில் அந்தக் கிளையையே வெட்டித் திருப்பி ஒட்டுப் போடப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்டவருக்கு இடது கையில் 110 என்று வருவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால், வலது கையில் 160 இருப்பது தெரியாமலே போகும்.

சின்ன வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ‘குணமாகிவிட்டது’ என்ற நம்பிக்கையில் மருத்துவர் பக்கமே போகாதவர்களும் இந்தக் கட்டுரையின் வாசகர்களாக இருக்கக்கூடும். 1960, 70களில் டாக்ரான் ஒட்டுப் போட்டு விரித்த பலருக்கு, ஒட்டுக்கு எதிர்ப்பக்கச் சுவர் வருடங்கள் கழித்து வீங்கி, வெடிக்கும் நிலைக்கும் போனது. வேறு முறையில் செய்தவர்களுக்கும் அதே இடம் மறுபடி குறுகலாம். இரண்டுக்கும் இன்று ஸ்டென்ட் வழியே பெரும்பாலும் தீர்வு கிடைக்கிறது, ஆனால் முதலில் தெரிய வேண்டுமே. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் வளரும் வீக்கத்தை எக்கோ தவறவிடும். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுத்தால்தான் பிடிபடும். ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு, உலோகம் படத்தைக் கெடுப்பதால் சி.டி.யே வசதி.

கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்களுக்கு இந்தப் பரிசோதனை கர்ப்பத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நன்றாகச் சரிசெய்யப்பட்டவர்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். கடுமையான சுருக்கம் அப்படியே இருக்கும்போது கருத்தரிப்பது, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டைத் திருத்தி அமைத்த பட்டியலில் மிக ஆபத்தான பிரிவில் வருகிறது. பெருந்தமனிக்கு ஆபத்து என்று பி.பி.யை ரொம்பவும் இறக்கினால், சுருக்கத்துக்குக் கீழே இருக்கும் கருப்பைக்கு ரத்தம் குறையும். இரண்டு பக்கமும் இடிக்கிற நிலை அது. முதலில் சுருக்கத்தைத் திறந்துவிட்டு, சுவர் ஆற அவகாசம் கொடுத்துவிட்டுக் கருத்தரிப்பதே நல்லது.

பளு தூக்குவது போல மூச்சைப் பிடித்துச் செய்யும் பயிற்சிகளை, மீதச் சுருக்கமோ வீக்கமோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். நடை, நீச்சல், மிதிவண்டி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தடை இல்லை. பற்களை ஒழுங்காகப் பேணுவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான், ஏனென்றால் இதயத் தொற்றுக்கான கிருமிகள் வாயிலிருந்து வருவதுண்டு. செயற்கைப் பொருள் வைத்த முதல் ஆறு மாதத்தில் பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பெருந்தமனிச் சுருக்கத்துக்கு முன்பு சிகிச்சை பெற்ற ஒருவர் இருமும்போது ரத்தம் வந்தால், அது கொஞ்சம்தான் என்றாலும், தானாக நின்றுவிட்டாலும், சளி, காசநோய் என்று நினைத்து நாள் கடத்தக் கூடாது. தைத்த இடமோ வீங்கிய சுவரோ நுரையீரலுக்குள் கசிகிறதா என்று அன்றைக்கே சி.டி. எடுத்துப் பார்க்க வேண்டும். அவசரப் பிரிவில் உள்ளவர்களுக்கு இந்தப் பழைய சிகிச்சை பற்றித் தெரிந்திருக்காது, முதல் வார்த்தையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.